யார் பண்டிகைக்கு யார் கணக்கில் விடுப்பு?

ஓணத்துக்குச் சில நாள் முன்னால் சில மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து நான்கைந்து வரியில் ஒரு செய்திக்குறிப்பு வரும். இன்ன தேதியில் மாவட்டத்திலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உள்ளூர் விடுமுறை என்று முதல் வரி சொல்லும். அதை ஈடுசெய்ய இன்ன சனிக்கிழமை வேலைநாள் என்பது இரண்டாவது வரி. இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் அறிவிக்கப்படவில்லை என்பது மூன்றாவது. மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசர அலுவல்களுக்காகக் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும் என்பது கடைசி. வாட்ஸ்அப்பில் பரவுவது முதல் வரி மட்டும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். மற்ற மூன்று வரிகளைப் படிக்கிறவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்த மூன்று வரிகளைப் பற்றியது.

வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்களின் பண்டிகையை, குடியேறிய ஊரின் அரசு தன் நாள்காட்டியில் ஏற்றுக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்க நகரங்களில் மெக்சிகோக்காரர்களின் மே 5, கனடாவில் தமிழர்களின் ஜனவரி, மலேசிய மாநிலங்களில் தைப்பூசம், தமிழ்நாட்டில் ஓணமும் தெலுங்கு வருடப்பிறப்பும், கேரளத்தில் பொங்கல். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அங்கீகாரம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் வெறும் காகிதமும் இருக்கிறது, சம்பளத்தோடு ஒரு நாள் ஓய்வும் இருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு என்று நினைக்கிறேன்: அந்த நாளுக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்பது.

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க முத்தாபுதுப்பேட்டை நல்ல இடம். ஆவடிக்கு அந்தப் பக்கம், விமானப்படை நிலையத்தை ஒட்டி வளர்ந்த குடியிருப்புப் பகுதி, பக்கத்தில் மிட்டனமல்லி. ஆவடி 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய ஊர். 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலை, டாங்கி வடிவமைப்பு ஆய்வகம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் என்று மத்திய அரசு வேலைகள் அடுத்தடுத்துக் குவிந்தன. வேலை குவிந்தால் ஆளும் வருவார்கள். மலையாளிகள், தெலுங்கர்கள், வட இந்தியக் குடும்பங்கள் இங்கே நேற்று வந்தவர்கள் அல்ல. பணி ஓய்வு பெற்று, மனை வாங்கி, வீடு கட்டி, பேரப்பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். மலையாள ஆண்டின் சிங்கம் மாதத்தில் ஆவடி மார்க்கெட்டில் செண்டுமல்லியும் வாடாமல்லியும் கிலோக் கணக்கில் போவதையும், நேந்திரங்காய் சிப்ஸ் கடைகளில் எண்ணெய்ச் சட்டி காலையிலிருந்து இறங்காமல் இருப்பதையும் பார்த்தால், இந்தப் பகுதியில் ஓணம் எவ்வளவு பெரிய பண்டிகை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெக்சிகோக்காரர்களிடமிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கேதான் காகிதத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள தூரம் பளிச்சென்று தெரிகிறது. 1862 மே 5 அன்று பூப்லா நகரில் மெக்சிகோப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து தலைநகரைப் பிடித்தார்கள் என்பது வேறு கதை. அந்த ஒருநாள் வெற்றியைக் கலிபோர்னியாவில் இருந்த மெக்சிகோ வம்சாவளியினர் 1860-களிலேயே கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். இன்று அமெரிக்காவில் அது பெரிய விழா. பீர் நிறுவனங்கள் அதற்காகவே விளம்பரம் செய்கின்றன. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த நாளை மதித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நகர மன்றங்கள் ஆண்டுதோறும் பிரகடனம் வாசிக்கின்றன. மேயர் கையெழுத்திட்ட தாளைச் சங்கத் தலைவர் வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு யாருக்கும் விடுமுறை கிடையாது. இதில் வேடிக்கை, மெக்சிகோவின் தொழிலாளர் சட்டம் பட்டியலிடும் கட்டாய ஓய்வு நாள்களிலும் மே 5 இல்லை. அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை, பூப்லாவில் அணிவகுப்பு, அவ்வளவுதான். மெக்சிகோவின் பெருநாள் செப்டம்பர் 16, விடுதலை நாள். அதைச் சுற்றித்தான் அமெரிக்கா 1968-ல் ஸ்பானிய மரபு வாரத்தையும், 1988-ல் அதை விரித்து ஒரு மாதத்தையும் வைத்தது.

வாரம் மாதமாக விரிவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு நாளை விடுமுறையாக அறிவித்தால் யாரோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். மாதத்தை அறிவித்தால் யாரும் ஒன்றும் கட்ட வேண்டாம்.

கனடாத் தமிழர்களின் கதை அப்படித்தான் போயிற்று. ஆனாலும் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து போனவர்கள் டொரன்டோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் பகுதிகளில் ஊன்றினார்கள். 2006-ல் தமிழரான லோகன் கணபதி மார்க்கம் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்பது முதலில் நகர மன்றங்களிலும் பள்ளி வாரியங்களிலும் நடந்தது. அதாவது குப்பை வண்டியையும் பள்ளிப் பேருந்தையும் நடத்துகிற மட்டத்தில். அதற்குப் பிறகுதான் ஒன்டாரியோ மாகாணம் 2014-ல் தமிழ் மரபுத் திங்கள் சட்டத்தை இயற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர் கேரி ஆனந்தசங்கரி கொண்டுவந்த தீர்மானம் 2016 அக்டோபரில் கனடா நாடாளுமன்றத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. கீழிருந்து மேலே போன பயணம் இது. ஜனவரியில் பொங்கல் வருகிறது என்பதால்தான் அந்த மாதம். ஆனால் ஒன்டாரியோவின் வேலைவாய்ப்புச் சட்டம் தரும் ஒன்பது பொது விடுமுறைகளில் பொங்கல் இல்லை. மாதம் முழுக்க மரபு, தை முதல் நாள் வேலை. ஸ்கார்பரோவில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர் அதிகாலையில் பொங்கிவிட்டுக் கிளம்புகிறார், அல்லது வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொங்கலைத் தள்ளிவைக்கிறார்.

வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றம் 2017-ல் ஜனவரி 14-ஐப் பொங்கல் நாளாக ஏற்றதும், வட கரோலினாவின் அன்றைய ஆளுநர் ராய் கூப்பர் 2019 ஜனவரியைத் தமிழ் மொழி, பண்பாட்டு மாதமாக அறிவித்ததும் இதே வகை. பெருமைப்படலாம். விடுப்பு எடுக்க முடியாது. அண்மையில்தான் அமெரிக்காவில் இது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை தரும் சட்டம் 2023-ல் வந்தது. கலிபோர்னியா 2025-ல் தீபாவளியை மாநில விடுமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்கேயும் பள்ளிகள் விரும்பினால் மூடலாம், மாநில ஊழியர் விரும்பினால் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான். நம்மூரில் ஆர்.எச். என்று சொல்லும் வரையறுக்கப்பட்ட விடுப்புக்கு அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

மலேசியாவுக்கு வந்தால் காற்று மாறுகிறது. அங்கே தைப்பூசம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பினாங்கு, சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகியவற்றில் பொது விடுமுறை. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் அது 2008-ல்தான் வந்தது. ஜனவரியில் அன்றைய பிரதமர் அப்துல்லா படாவி அறிவித்தார். இரண்டு மாதம் முன்பு, 2007 நவம்பரில், இண்ட்ராப் என்ற இந்தியர் உரிமை அமைப்பின் பேரணியில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூர்த் தெருவில் இறங்கியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், பொதுத்தேர்தல். விடுமுறை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. தேர்தல் முடிவு ஆளுங்கட்சிக்கு மோசமாகத்தான் அமைந்தது, ஆனால் விடுமுறை நிலைத்துவிட்டது. கெடாவில் மட்டும் தைப்பூசம் ஆண்டுதோறும் தனியாக அறிவிக்கப்பட்டு வந்த விடுமுறை. 2021-ல் அந்த மாநில முதல்வர், பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, இந்த ஆண்டு அறிவிக்கப்போவதில்லை என்றார். பெரிய சச்சரவு. அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 28. அதே நாளில் தமிழ்நாட்டில் தைப்பூசம் முதன்முறையாகப் பொது விடுமுறை. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அந்த மாதத் தொடக்கத்தில் அறிவித்திருந்தார், இங்கேயும் ஏப்ரலில் தேர்தல். முருகனுக்கு ஒரே நாளில் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு.

சிங்கப்பூர் எதிர்த்திசையில் போனது. 1968-ல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தீபாவளி நிலைத்தது, தைப்பூசம் போனது. இன்றும் காவடி எடுப்பவர் சொந்த விடுப்பில்தான் எடுக்கிறார். ஆண்டுதோறும் கோரிக்கை எழும், அடங்கும். விடுமுறைக்கு விலை உண்டு, அதை வணிகமும் தொழிலும் தாங்க வேண்டும் என்று அந்த அரசு வெளிப்படையாகக் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கே போடாமல் மாதங்களை அள்ளிக் கொடுப்பதைவிட அது நேர்மையானது.

இனி நம் வீட்டுக்கு. தமிழ்நாட்டின் உள்ளூர் விடுமுறை ஒரு விசித்திரமான, அழகான ஏற்பாடு. நாகப்பட்டினத்தில் நாகூர் கந்தூரிக்கு உண்டு. ராமநாதபுரத்தில் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு உண்டு. தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் திருவிழாவின் ஆகஸ்ட் 5. கன்னியாகுமரியில் கோட்டாறு சவேரியார் பெருவிழாவின் டிசம்பர் 3. தஞ்சாவூரில் ராஜராஜன் சதய விழா. நீலகிரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா. மதம், சாதி, மொழி எதுவும் குறுக்கே வருவதில்லை. மாவட்டத்தில் கூட்டம் எந்த நாளில் திரள்கிறது என்பதுதான் கேள்வி. சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து மாநிலம் முழுக்க ஒரு பட்டியல் போடுகிறவருக்குத் தெரியாத ஒன்று மாவட்ட ஆட்சியருக்குத் தெரியும்: அன்றைக்கு அலுவலகத்தைத் திறந்து வைத்தாலும் யாரும் வரப்போவதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஓணம் நுழைந்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசின் காலத்தில், மலையாளிகள் கணிசமாக வாழும் கன்னியாகுமரி, கோயம்புத்தூர், நீலகிரி மாவட்டங்களுக்கும், பிறகு சென்னைக்கும் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடைத்தது. தெலுங்கு வருடப்பிறப்பு ஒரு படி மேலே போய் மாநிலம் முழுக்கப் பொது விடுமுறைப் பட்டியலிலேயே இருக்கிறது. வேற்றுமொழிக்காரர்களுக்கு ஏன் என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மொழிப் பெருமையில் யாருக்கும் சளைக்காத ஓர் ஆட்சி இதைச் செய்தது என்பதே அந்த முணுமுணுப்புக்குப் பாதி பதில். மீதிப் பாதி கேரளத்திலிருந்து வருகிறது.

கேரள அரசு திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களில் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை தருகிறது. தோட்டத் தொழிலாளிகளும், எல்லையோரத் தமிழர்களும், மலையாளமும் தமிழும் கலந்து பேசும் குடும்பங்களும் இருக்கும் மாவட்டங்கள். 2022-ல் அந்த விடுமுறை ஜனவரி 15 என்று குறிக்கப்பட்டிருந்தது, பொங்கலோ 14. அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். தேதி 14-க்கு மாறியது. ஒரு நாள் திருத்தத்துக்கு இரண்டு முதல்வர்கள் தேவைப்பட்டார்கள் என்பது சிரிப்பாக இருக்கலாம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் தங்கி, பிள்ளையைத் தமிழ்வழிப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் சிரிப்பல்ல. விடுமுறை பதினைந்தாம் தேதி என்றால் அவர்கள் பதினான்காம் தேதி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எப்படிப் பொங்குவது?

ஆகவே கோவையில் ஓணமும் பாலக்காட்டில் பொங்கலும் ஒன்றுக்கொன்று பதில் மரியாதை. தமிழ்நாட்டில் அதை ஈடுசெய்யும் கணக்கு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓணம் கொண்டாடாத ஆசிரியரும், மலையாளமே தெரியாத வட்டாட்சியர் அலுவலக உதவியாளரும், ஒரு மலையாளிப் பையனின் பண்டிகைக்காகத் தங்கள் சனிக்கிழமையைக் கொடுக்கிறார்கள். வேண்டா வெறுப்பாகக் கொடுக்கலாம். டீக்கடையில் அலுத்துக்கொண்டே கொடுக்கலாம். ஆனாலும் கொடுக்கிறார்கள். பிரகடனத் தாளில் இப்படி யாரும் எதையும் கொடுப்பதில்லை.

இப்போது மூன்றாவது வரி. செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, புரோநோட்டும் உண்டியலும் முதிரும் நாள் பொது விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று சொல்கிற பிரிவு. அந்தச் சட்டத்தின் கீழ் அறிவித்தால்தான் வங்கி மூடும். உள்ளூர் விடுமுறைக்கு வங்கி மூடாது. தனியார் நிறுவனத்துக்கும் அது கட்டளை அல்ல. அறிவிப்பின் கை மாநில அரசு அலுவலகமும் பள்ளியும் வரைதான் நீளும்; அதற்கு மேல் மாவட்ட எல்லையிலும் நின்றுவிடும். 2018-ல் சென்னை மாவட்டம் விரிந்தபோது அம்பத்தூர் அதற்குள் போனது. ஆவடி திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே மின்சார ரயிலில் சில நிமிடத் தூரம். சென்னை ஆட்சியரின் கையெழுத்து அம்பத்தூர் வரை செல்லும். ஆவடிக்குத் திருவள்ளூர் ஆட்சியர் தனியாகக் கையெழுத்திட வேண்டும்.

சரி, கையெழுத்தும் கிடைத்தது என்று வைத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். அப்பா பாதுகாப்புத் துறையில் சிவிலியன் ஊழியர். அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியில். மூத்த பெண் அரசு உதவி பெறும் பள்ளியில், இளையவன் கேந்திரிய வித்யாலயாவில். பெண்ணுக்கு மட்டும் விடுமுறை. இளையவன் பள்ளி மத்திய அரசின் பட்டியலைப் பார்த்து நடக்கும். அம்மாவின் கம்பெனிக்கு ஆட்சியர் அறிவிப்பு பொருட்டல்ல. அப்பா ஆர்.எச். போடலாம், மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இரண்டுதான், அதில் ஒன்றை விஷுவுக்கு வைத்திருப்பார். காலையில் எல்லோரும் குளித்துப் புதுத்துணி கட்டி, வாசலில் அத்தப்பூ போட்டு, ஆளுக்கொரு திசையில் போய்விட்டால், சத்ய சாப்பிட இலை போடுவது இரவில். வாழையிலையில் இருபதுக்கு மேல் பதார்த்தம் வைத்து மதியம் உண்ண வேண்டிய விருந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் எட்டரை மணிக்கு நடக்கும்.

அப்பாவின் பட்டியல் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒன்று, ஏனென்றால் அதில் நமக்கே ஒரு பாடம் இருக்கிறது. டில்லிக்கு வெளியே உள்ள மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டாய விடுமுறை 14. அதில் குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், குருநானக் ஜெயந்தி முதலியவை வரும். அதற்கு மேல் 12 பண்டிகைகள் கொண்ட இன்னொரு பட்டியல். அதிலிருந்து மூன்றை அந்தந்த மாநிலத்தின் ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கும். ஓணம் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. பொங்கலும் அதில் ஒன்றுதான். ஹோலி, ராமநவமி, சிவராத்திரி, விநாயகர் சதுர்த்தி, ரத யாத்திரை எல்லாம் அங்கே வரிசையில் நிற்கின்றன. 2017 ஜனவரியில் பொங்கல் அந்த மூன்றில் இடம்பெறவில்லை என்று தெரிந்ததும் தமிழ்நாட்டில் பெரும் கூச்சல் எழுந்தது. ஜல்லிக்கட்டுக் கோபம் வேறு சேர்ந்துகொண்ட நேரம். கடைசியில் குழு தசராவுக்கு ஒதுக்கிய கூடுதல் நாளை விட்டுவிட்டுப் பொங்கலை எடுத்துக்கொண்டது. தன் சொந்த மண்ணில், பெரும்பான்மை மக்களின் அறுவடைத் திருநாள், மத்திய அரசின் கண்ணில் பன்னிரண்டில் ஒன்று. ஆவடியில் ஓணத்துக்கு நாள் கேட்கும் மலையாளியின் நிலையும், பொங்கலுக்கு நாள் கேட்ட தமிழனின் நிலையும் அந்தத் தாளில் பக்கத்துப் பக்கத்து வரி.

நகராட்சி மட்டத்தில் என்ன செய்ய முடியும்? ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. முத்தாபுதுப்பேட்டை அதற்குள் அடக்கம். மாநகராட்சிக்கு விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் இல்லை. ஒரு நாளை மாநகராட்சிகள் மதிக்க நம்மிடம் இருக்கும் வழக்கமான கருவி ஒன்றே ஒன்று: இறைச்சிக்கடையைச் சாத்துவது. மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் ஆடு, மாடு அறுக்கக் கூடாது, கடை திறக்கக் கூடாது என்று அறிவிப்பு வரும். இங்கேயும் என் பழைய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மகாவீரரை மதிக்கும் செலவு முழுவதும் கறிக்கடைக்காரரின் ஒருநாள் வியாபாரத்திலிருந்து போகிறது. அவருக்கு ஈடுசெய்யும் சனிக்கிழமை எதுவும் இல்லை. உள்ளாட்சி தரும் அங்கீகாரங்களில் மிகச் சிலருக்கு மட்டும் வலிப்பது இதுதான், அந்த வலியைத் தாங்குகிறவர்கள் வாய்திறக்க முடியாததும் இதுதான்.

நகர மன்றம் வேறு விதமாகவும் மதிக்கலாம். சமுதாயக் கூடத்தை அன்று குறைந்த வாடகைக்குத் தரலாம். பூ விற்க வருபவர்களுக்கு ஒரு வாரம் இடம் ஒதுக்கி, குப்பையை மறுநாள் காலையிலேயே அள்ளலாம். சட் பூஜைக்குக் கரை தேடி அலையும் பீகார்க் குடும்பங்களுக்கு ஏரிக்கரையில் ஒரு படித்துறையைச் சுத்தம் செய்து விளக்குப் போடலாம். இதற்குத் தீர்மானம்கூட வேண்டாம், ஒரு சுகாதார ஆய்வாளரும் ஒரு ஜூனியர் இன்ஜினியரும் போதும். மார்க்கம் நகர மன்றம் மரபுத் திங்களை ஏற்றது தமிழர்கள் அங்கே வாக்காளர்களாகவும் கவுன்சிலர்களாகவும் ஆன காலத்தில். ஆவடிப் பக்கத்து பீகார் தொழிலாளிக்கு இங்கே வாக்கு இல்லை. வாக்கு இல்லாத பண்டிகைக்கு விளக்குப் போட எந்தக் கவுன்சிலருக்கும் அவசரம் கிடையாது. மலையாளியும் தெலுங்கரும் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். அதனால்தான் பட்டியலில் ஓணமும் யுகாதியும் இருக்கின்றன, சட் இல்லை.

நாள்காட்டியும் சில சமயம் அரசுக்கு உதவி செய்கிறது. 2024-ல் திருவோணம் ஞாயிற்றுக்கிழமை. 2025-ல் செப்டம்பர் 5, மீலாது நபி. தமிழ்நாடு முழுக்கப் பொது விடுமுறை. இரண்டு ஆண்டு தொடர்ந்து திருவோண நாளுக்கு ஈடுசெய்யும் சனிக்கிழமை தேவைப்படவில்லை. நபிகள் பிறந்தநாளின் தயவில் அன்று சத்ய மதியத்திலேயே நடந்த வீடுகள் எத்தனையோ இருக்கும். வங்கியும் மூடியிருந்தது.

ஆனால் இந்தக் கேள்வி கடைசியில் போய் நிற்பது அம்மாவின் கம்பெனி வாசலில். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958-இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லாருக்கும் சம்பளத்தோடு உண்டு. மேலும் ஐந்து நாள் பண்டிகைக்காகத் தர வேண்டும். எந்த ஐந்து என்பதை முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது ஒரு நாள் சம்பளமும் மாற்று விடுமுறையும். மலேசியாவின் வேலைவாய்ப்புச் சட்டமும் இதேபோல் பதினொன்றில் ஐந்தை நிர்ணயித்துவிட்டு, மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுக்க விடுகிறது. பினாங்கில் தைப்பூசம் அரசு விடுமுறையாக இருந்தும் சில ஆலைகளில் சங்கு ஊதுவது அதனால்தான்.

ஆட்சியர் அறிவிப்பு, நகர மன்றத் தீர்மானம், ஆளுநர் பிரகடனம் ஆகிய எல்லாவற்றையும்விட அந்த ஐந்து நாளுக்குக் கனம் அதிகம். சம்பளம் யார் கொடுக்கிறார், வேலை யார் விடுகிறார் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. அதில் தொழிலாளர்களைக் கலக்க வேண்டும் என்ற சொல்லும் இருக்கிறது. நடைமுறையில் அந்தப் பட்டியல் போன வருடத்துப் பட்டியலின் நகல். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி போன்றவை வரிசையாக வரும், டைப் அடித்து, சீல் வைத்து, டைம் ஆபீஸ் பக்கத்துப் பலகையில் குத்தப்படும். அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போகிறவர்களில் ஒடியாக்காரர், பீகார்க்காரர், அசாம்காரர் எத்தனை பேர் என்பது அம்பத்தூரில் எந்த ஷிப்டு மாற்ற நேரத்திலும் கேட்டில் நின்றால் காதில் விழும். அவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் ஆட்கள். கலந்துபேச யாரும் கூப்பிடுவதில்லை. தீபாவளியன்று கம்பெனி மூடினால் பலருக்கு அது சம்பளமில்லாத நாளாகவும் போகிறது, சட்டம் வேறு சொன்னாலும்.

ஐந்தில் நான்கைப் பொதுவில் நிறுத்தி, ஐந்தாவதை ஒவ்வொரு தொழிலாளியும் தானே எழுதிக் கொடுக்க விடலாம். மலையாளப் பெண் திருவோணம் என்று எழுதுவார், பீகார்க்காரர் சட், ஆந்திராக்காரர் சங்கராந்திக்கு மறுநாள், முத்தாபுதுப்பேட்டைத் தமிழர் ஊரில் ஆடித் திருவிழாவின் கடைசி நாள். கம்பெனி ஒரே நாளில் மூட வேண்டியதில்லை, உற்பத்தி நிற்காது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் சிறிய திருத்தம் வேண்டியிருக்கலாம், அல்லது ஆய்வாளர் மனம் வைத்தால் இன்றைய வாசகத்துக்குள்ளேயே இடம் கிடைக்கலாம். தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கும் கேன்டீனுக்கும் கீழேயாவது ஒரு வரியாகச் சேர்த்தால், அடுத்த ஆண்டுப் பட்டியல் பலகையில் ஏறும் முன்பே பேச வேண்டியவர்கள் பேச முடியும்.